அப்பாவுக்கு நினைவு திரும்பிய நான்கு மாதங்கள்

பதினோரு ஆண்டுகள் என்னோடு பேசாத என் அப்பா, சேலத்தில் ஒரு மருத்துவமனை நடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் மூளையில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"வா கலை. சாப்ட்டியா?" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணன் பழனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதிநோய் வந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதியவற்றில் நான் படித்ததெல்லாம் அன்பைப் பற்றித்தான். அன்பு அறுந்துபோன வீட்டுக்கும் இந்த நோய் வருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் சின்னசேலத்துப் பக்கம் கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். நான் மருந்தாளுநர் படிப்பு படித்துவிட்டு கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த லட்சுமணனைக் கட்டிக்கொண்டேன். அவர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், மலைச்சாதிக்காரர். அன்றோடு அப்பாவுக்கு நான் மகள் இல்லை என்று ஆயிற்று.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்தாள். சேதி கேட்டு ஓடினேன். அப்பா என்னைத் தெருவிலேயே நிறுத்திவிட்டார். பாடை வெளியே வந்தபோதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அதுவும் பத்துப் பேர் தலைகளுக்கு நடுவே.

இப்போது அவர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

அண்ணன் என்னை அழைத்ததற்கு ஒரே காரணம்தான். "டாக்டர் சொல்றது எங்களுக்குப் புரியல. நீ மருந்து படிச்சவதான, வந்து கேட்டுக்கோ" என்று தொலைபேசியில் சொன்னான். அம்மா இறந்த நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

அப்பாவுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. யார் நிலம் எங்கே முடிகிறது, எந்த சர்வே கல் எந்தப் புதருக்குள் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் வாயில் இருக்கும். வரப்புத் தகராறு என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் ஆறு மாதமாகத் தன் கிணற்றுக்கே வழி கேட்டுக்கொண்டிருந்தாராம். வயசாயிற்று என்று இவர்கள் விட்டிருக்கிறார்கள்.

நரம்பு மருத்துவர் ஐம்பது வயதுள்ள பெண்மணி. அதிகம் பேசாதவர். மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்பாவுக்கு ஒன்றுகூட வரவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் குவித்து வைத்தார். ஸ்கேனில் ஹிப்போகேம்பஸ் (புது நினைவுகள் பதியும் மூளைப் பகுதி) சுருங்கியிருந்தது. அல்சைமர் (மூளை செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வரும் மறதிநோய்) என்றார். ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. அதற்கு ஊசி எழுதினார். கூடவே டோனெபெசில் மாத்திரை. மூளையில் அசிட்டைல்கோலின் (நரம்புகள் தமக்குள் சேதி கடத்தப் பயன்படுத்தும் பொருள்) சீக்கிரம் சிதைந்துபோகாமல் இது பார்த்துக்கொள்ளும்.

"இது நோயைக் குணமாக்காது. நிறுத்தவும் நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்ச நாளைக்கு நினைவு கொஞ்சம் தெளியும். சிலருக்கு அதுவும் இருக்காது. எதிர்பார்ப்பைக் கம்மியா வெச்சுக்குங்க" என்றார் மருத்துவர்.

அண்ணன் வீட்டில் மாத்திரையை ஒருநாள் கொடுத்தார்கள், இரண்டு நாள் விட்டார்கள். இரண்டு மாதத்தில் அப்பா சின்னசேலம் ரயிலடிக்கு நடந்துபோய் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார். யாரோ இழுத்து வெளியே விட்டிருக்கிறார்கள். மறுநாளே அண்ணன் காரில் அவரை ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டான்.

"என்னால முடியாது. நீயும் பெத்த பொண்ணுதான?" என்றான்.

"அது இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டேன். துணிப்பையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினான்.

என் வீட்டு நிழலில்கூட ஒதுங்க மாட்டேன் என்று சத்தியம் செய்த மனிதர், அன்று மாலை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"இந்த ஊருதாங்க."

"நல்ல ஊருங்க. சில்லுனு இருக்குது."

லட்சுமணன் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். எனக்கோ அந்த 'ங்க' நெஞ்சில் எரிந்தது. இந்த மரியாதைக்காக நான் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தேன். அது இப்படி யாரோ ஒருவருக்குப் போகிறது. அவர் மனம் மாறிக் கொடுத்ததல்ல. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தது.

வந்த முதல் மாதங்களில் அவர் என்னிடம் அத்தனை இதமாக இருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். "ஒங்கம்மா எங்க, கழனிக்குப் போயிருக்காளா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்து, கடைசியில் அப்பாவும் மகளும் சேர்ந்துவிட்டீர்கள் என்றார்கள். நாங்கள் சேரவில்லை. சண்டை போட்டவர் தன் பாதிச் சண்டையைத் தொலைத்துவிட்டு வந்திருந்தார். என் பாதி மட்டும் என்னிடம் அப்படியே இருந்தது.

மாத்திரையை நான் ஒருநாளும் தவறவிடவில்லை. இரவில் கொடுத்தால் கெட்ட கனவு கண்டு அலறினார். காலைக்கு மாற்றினேன். முதல் இரண்டு வாரம் வயிறு கலங்கியது. மோர்ச் சோறு கொடுத்துச் சரிசெய்தேன். பி12 ஊசியை நானே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் போடவைத்தேன். ஒரு மாதம் கழித்து மருத்துவர் சொன்னபடி ஐந்து மில்லிகிராமைப் பத்தாக்கினேன்.

மாற்றம் மெதுவாக வந்தது. முதலில் கழிப்பறைக்குத் தானே போய் வந்தார். பிறகு வேட்டியை மடித்து வைத்தார். புது வீட்டில் எந்தச் சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று தெரிந்துகொண்டார். பள்ளி மணி அடித்தால் லட்சுமணன் வருவார் என்று வாசலைப் பார்ப்பார். மறதிநோயில் பழையது கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருக்கும், புதிதாக எதுவும் ஏறாது என்பார்கள். இவருக்குப் புதியது ஏறிக்கொண்டிருந்தது. மாத்திரையாலா, ஊசியாலா, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கியதாலா என்று எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியவில்லை.

ஒரு காலை இட்லி வைத்தேன். அவர் தட்டைத் தொடவில்லை. எதிரே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த லட்சுமணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் இன்னாத்துக்கு இங்க இருக்கான்?"

நான் சட்னியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இது யாரு வூடு?"

"என் வூடுதாம்பா."

அவர் தட்டை எடுத்தார். விசிறி எறியவில்லை. மெதுவாகத் தரையில் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "மலைக்காரன் வூட்டுல என்னக் கொண்ணாந்து போட்டுக்கினு, சோறு வேற போடுறியா" என்றார். குரல் உயரவில்லை. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் என் அப்பா.

அதற்குப் பிறகு என் கையால் அவர் சோறு தின்னவில்லை. கடையில் வாங்கிய பன்னும், தோலுரிக்காத வாழைப்பழமும், பால் பாக்கெட்டை அவர் கண்முன் வெட்டிக் காய்ச்சிய பாலும்தான். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டார். அது சேலத்து டாக்டர் கொடுத்ததாம். அவருடைய பகையை ஊட்டி வளர்க்கிற மாத்திரையை, நான் கொடுக்கிற ஒரே பொருளாக, அவர் என் கையிலிருந்து வாங்கி விழுங்கினார்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, இவள் என் பெண் இல்லை என்றார். லட்சுமணனை டேய் என்றார். எல்லா நாளும் இப்படி இல்லை. சில நாள் மறுபடி கலங்கிப்போய் அம்மாவைத் தேடுவார். தெளிந்த நாட்களில் மட்டும்தான் பகை. நான் கலங்கிய நாட்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

பிறகு ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. துணிப்பை இல்லை. கள்ளக்குறிச்சிப் பேருந்தின் நடத்துநர் என்னை அறிந்தவர். அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். நானும் லட்சுமணனும் பைக்கில் துரத்திப் போய்க் கச்சிராயபாளையத்தில் பிடித்தோம். பயணச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மலையில் அந்தப் பேருந்து மூன்றே காலுக்குத் திரும்பும். வாரக்கணக்கில் ஹாரன் சத்தத்தைக் கேட்டு, நேரத்தைக் கணக்குப் பண்ணி, நான் இல்லாத வேளையில் கிளம்பியிருக்கிறார்.

அடுத்த முறை சேலம் போனபோது இதைச் சொன்னேன். மருத்துவரின் முகம் முதல் முறையாக மலர்ந்தது.

"புதுசா ஒரு விஷயத்தைக் கத்துக்கிட்டு, ஞாபகம் வெச்சு, திட்டம் போட்டுச் செஞ்சிருக்காரு. இது ரொம்ப நல்ல முன்னேற்றம்மா."

"என்கிட்ட இருந்து தப்பிக்கிறதுக்குங்க மேடம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கோபம் நோயாலும் வரலாம், மாத்திரையாலும் வரலாம் என்றார். வேண்டுமானால் அளவைக் குறைக்கலாம், ஆனால் கிடைத்தது போய்விடும், திரும்ப ஆரம்பித்தால் அதே அளவுக்கு வராமலும் போகலாம் என்றார். அப்பா கழிப்பறைக்குத் தானே போகிறார், தன் பெயரைக் கையெழுத்துப் போடுகிறார். குறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கூட வந்திருந்த அண்ணன் முன்னால் வேறு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து, யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன்.

ஒன்பது நாள். காலையில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்தேன், அவரும் விழுங்கினார். நான் மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவள். ஒரு வேளை மாத்திரை மாறினாலும் அடுத்தவரை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் அந்த ஒன்பது நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மாத்திரை அட்டை தீராமல் இருப்பதை லட்சுமணன் கண்டுபிடித்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அட்டையை என் முன்னால் வைத்தார்.

"குடு" என்றார்.

"ஒங்களத் தெனமும் டேய்ங்கறாரு. கேட்டுக்கினுதான இருக்கீங்க?"

"அவரு என்ன டேய்னு கூப்புடட்டும். நான் அவரு எதிர்க்க நிக்கணும்னுதான் இத்தினி வருஷமா இருக்கேன். ஆளே இல்லன்னா யாரு எதிர்க்க நிக்கிறது?"

மறுநாள் காலை பத்து மில்லிகிராமைத் திரும்பக் கொடுத்தேன். மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்தியதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வாரத்தில்தான், ஒரு மழை நாளில், அவரிடம் நேராகக் கேட்டேன். பேருந்து ஓடவில்லை. அவர் போக வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் தெளிந்திருந்தன.

"அம்மா செத்தன்னிக்கு என்ன ஏம்பா தெருவுலயே நிக்க வெச்சீங்க?"

"நாந்தான் நிக்க வெச்சேன்" என்றார் உடனே. மறக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"அம்மா என்னப் பாக்கணும்னு கேக்கவே இல்லியா?"

அவர் மழையைப் பார்த்தார்.

"கேட்டா. தெனமும் கேட்டா. படுத்துக்கினு, கலைய வரச் சொல்லு, கலைய வரச் சொல்லுன்னு. நா வுடல." பிறகு என் பக்கம் திரும்பினார்: "இப்ப அவளே எழுந்து வந்து கேட்டாலும் வுடமாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா என்னைத் தேடவில்லை என்று நான்கு ஆண்டுகள் நம்பியிருந்தேன். அன்று தெருவில் வைத்து அண்ணன் அப்படித்தான் சொல்லியிருந்தான். உண்மை இந்த ஒரு தலைக்குள் மட்டும் இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் அழிந்திருக்கும். எனக்கு அதைக் கொடுத்தவர் இரக்கத்தால் கொடுக்கவில்லை. என்னைக் காயப்படுத்தக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கிய ஐந்தாம் நாள் அவர் குளியலறை வாசலில் விழுந்தார். நான் ஓடிப்போய் நாடி பிடித்தேன். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. டோனெபெசில் இதயத் துடிப்பை மந்தமாக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும், அது பாடத்தில் படித்தது. கள்ளக்குறிச்சியில் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்து, அங்கிருந்து சேலத்துக்குப் போனோம்.

"நடுவுல நிறுத்தினீங்களா?" என்று கேட்டார் நரம்பு மருத்துவர். அண்ணன் பக்கத்தில் நின்றான். நிறுத்தினேன், ஒன்பது நாள், பிறகு நேராகப் பத்தில் ஆரம்பித்தேன் என்றேன்.

இத்தனை நாள் விட்டால் சின்ன அளவிலிருந்துதான் ஏற்றியிருக்க வேண்டும் என்றார். இதயத்தில் மின்சாரம் கடக்கும் பாதையில் ஏற்கெனவே ஒரு கோளாறு இருப்பதாகவும், ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் ஒருநாள் இது நடந்திருக்கலாம் என்றும் சொன்னார். 'லாம்' என்றுதான் சொன்னார். அந்த இரண்டு எழுத்துக்கு மேல் எனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. மாத்திரையை அன்றே முற்றிலும் நிறுத்தினார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் முகத்துக்கு நேரே நின்றான். "மருந்து படிச்சவ. நீயே இப்டிப் பண்ணுவியா?"

"அம்மா என்னக் கேக்கலன்னு நீ ஏண்டா சொன்ன?"

அதற்குப் பிறகு இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஐந்து வாரத்தில் பேருந்து அவருக்கு மறந்துபோனது. பிறகு சுவிட்சுகள். பிறகு கையெழுத்து. மெமன்டின் (வேறு வழியில் வேலை செய்யும் இன்னொரு நினைவு மருந்து) கொடுத்துப் பார்த்தார்கள். எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. மீண்டும் என் கையால் சாப்பிடுகிறார். பார்க்க வருகிறவர்கள், பெரியவர் எவ்வளவு சாந்தமாகிவிட்டார் என்கிறார்கள். அவர்களை வெளியே போகச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

மருந்து கொடுக்கலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். கொடுங்கள். பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாடியைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் மறைக்காதீர்கள். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: திரும்பி வருகிறவர் உங்களுக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பழையதில் நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கிற மாத்திரை எங்கள் மருந்தறையில் இல்லை.

நேற்று மாலை அவர் கால் வீங்கியிருந்தது. கீழே உட்கார்ந்து, மடியில் வைத்து அழுத்திவிட்டேன். என்னை யாரென்று நினைத்தாரோ, குனிந்து ரகசியம்போலச் சொன்னார்.

"எனக்குப் பொண்ணு ஒண்ணு இருக்குது. கலைன்னு பேரு. வந்தா உள்ள வுடாதம்மா."

"சரிங்க, வுடல" என்றேன்.

அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். பதினோரு ஆண்டுப் பகையும் அவருக்கு அந்த ஒரு மாலைக்குள் இருந்தது. எனக்கு நெற்றி நரம்பு தெறித்தது. ஆனால் விரல்கள் நிற்கவில்லை. வீக்கம் வற்றுகிற பக்கமாக, கணுக்காலிலிருந்து மேலே, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு கோபமும் இவ்வளவு பதமும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று இதற்கு முன் எனக்குத் தெரியாது.

அவருடைய இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.